ஐந்து படி வைத்துக் கட்டிய வீடு

காலையில் நான் வேலைக்கு வருவதற்கு முன்பே ஏதாவது ஒரு சாலை லாரியில் வந்து இறங்கியிருக்கும். ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். சிங்கப்பூர் வந்து பதினாறு வருடமாகியும் எனக்கே இது பழகவில்லை. சுரண்டியெடுத்த தார்க்கட்டிகளில் வெள்ளைக்கோடு இன்னும் ஒட்டியிருக்கும். பெல்ட்டில் ஓடும் கட்டிகளுக்கிடையே இரும்போ மரமோ வந்தால் பொறுக்கி எறிவது என் வேலை. மிச்சத்தை அரைத்துச் சலித்து, புதுச் சாலைக்கு அடியில் கொட்டி அழுத்துவார்கள். சென்ற மாதம் வந்தது ஃபேரர் பார்க் பக்கத்துச் சாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடந்த சாலைதான். இருந்த முதுகுவலியில் அதற்காக வருத்தப்படக்கூடத் தோன்றவில்லை.

எங்கள் ஊரில் சுரண்டுவதெல்லாம் கிடையாது. பழைய தாரின் மேலேயே புதுத் தார். இங்கே வந்து சம்பாதித்து வீடு கட்டியபோது, மழைத்தண்ணீர் ஏறாதென்று தெம்பாக ஐந்து படி வைத்தேன். கொத்தனார் எட்டு வைக்கச் சொன்னார். "சிங்கப்பூர்ல ரோடு போடுறவனுக்கே பாடமா?" என்று அவர் வாயை அடைத்தேன். இங்கே சாலை போட்ட உயரத்திலேயே கிடப்பதைப் பார்த்துப் பழகிய புத்தி. அதன்பிறகு விடுப்பில் போகும்போதெல்லாம் ஒரு படி குறைந்திருந்தது. கடைசியாகப் போனபோது மிஞ்சியது ஒன்றுதான்.

போன வாரம் என் மனைவி செல்வி போன் செய்தாள். தெருவுக்கு மறுபடியும் ரோடு போட வருகிறார்களாம். நான் வேலை பார்க்கும் யார்டில் லோடர் வண்டி ஓட்டும் மணியம் அண்ணனிடம் புலம்பினேன். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவார்.

"ரோடு மேலயே ரோடா? கம்ப்ளைண்ட் பண்ணுங்க லா! ஆப்ல போட்டோ அனுப்புனா ரெண்டு நாள்ல ஆள் வந்துடும்."

எங்கள் தெருவுக்கு ஆப் கிடையாது என்று விளக்க அலுப்பாக இருந்தது. தலையாட்டி வைத்தேன். ஆனாலும் மனது கேட்கவில்லை. தங்குமிடத்துக்குத் திரும்பும் வழியில் ஒரு மெஷின் சாலையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அதை வீடியோ எடுத்து, காண்ட்ராக்டரிடம் காட்டச் சொல்லி செல்விக்கு அனுப்பினேன்.

நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அழைத்தாள்.

"வீடியோவக் காட்டுனேங்க. 'அது சிங்கப்பூரும்மா'ன்னு சிரிச்சாங்க. போட்டுட்டுப் போயிட்டாங்க. கடைசிப் படியும் போச்சு. வாசலுக்கு மேல நாலு விரக்கடை நிக்குது ரோடு. மழை பேஞ்சா தண்ணி நேரா கூடத்துக்குத்தான்."

"நீ தடுக்கலையா?"

"ஒத்த ஆளா நான் என்னங்க பண்ணுவேன்? நீங்க இருந்திருந்தா..."

கோபம் கோபமாக வந்தது. யார் மேலென்றுதான் தெரியவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடி பெல்ட் முன்னால் போய் நின்றேன். யார் யார் வாசலிலோ சுரண்டிய சாலை என் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன். ஏறிப் போவதற்கென்று ஐந்து படி வைத்துக் கட்டிய வீட்டுக்குள் இந்த முறை இறங்கித்தான் போகவேண்டும்.