அக்கா கேட்ட கேள்விக்கு என் பதில்

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் தயவுசெய்து கடைசி வரி வரை படியுங்கள். அக்காவைப் பற்றி நீங்கள் பேசிய ஒரு பேச்சுக்கு இதில் பதில் இருக்கிறது.

அக்கா பிறந்தது சேக்காட்டில். கூலிக்கு நடவு நட்ட குடும்பம். நைனா தொழிற்சாலையில் சேர்ந்த பிறகுதான் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. அக்கா டாக்டருக்குப் படித்து முடித்ததும், "ஆவடி ஸ்டேஷன்கிட்ட ஒரு கிளினிக் போட்டுகினு குந்தும்மா" என்றார் நைனா. அக்கா கேட்கவில்லை.

"கொழந்தை வைத்தியம் தனிப் படிப்பு நைனா. எங்க வலிக்குதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. வார்டுலயே கெடந்துதான் கத்துக்கணும்."

மேலும் இரண்டு ஆண்டு படித்தார். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டிலேயே வேலைக்குச் சேர்ந்தார். வாடிப்போன பிஞ்சுக் கையில் நரம்பைத் தேடி ஊசி ஏற்றுவதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை. நான் திருநின்றவூரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். ஒன்பது மாத மகனுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. "தண்ணி குடுக்காதே, இன்னும் புடுங்கினு போவும்" என்றார் என் மாமியார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். ஆனால் எனக்குத் தெரியும். தண்ணீரை நிறுத்தாதே என்று அக்கா எத்தனையோ முறை தலைபாடாக அடித்துக்கொண்டிருக்கிறார். தெரிந்தும் மாமியார் பேச்சைத் தட்டப் பயந்தேன்.

மதியம் மருந்துக்கடை போனிலிருந்து வார்டுக்குப் பேசினேன். பிள்ளைக்கு இரண்டு நாளாகப் போகிறது என்று சொன்னவுடன் அக்கா அதட்டினார்.

"தண்ணி குடுத்துகினு கீறியா இல்லியா? குடுக்காம மட்டும் வெச்சிருந்தே, உன்னைத் தொலைச்சிருவேன்! ஒண்ணுக்குப் போனானா?"

பயந்துவிட்டேன். "குடுத்துகினுதான்கா கீறேன். இப்பதான் போனான்" என்றேன். ஒரு சொட்டுத் தண்ணீர் நான் கொடுக்கவில்லை. காலையிலிருந்து அவன் ஒன்றுக்கே போகவில்லை.

"சரி, உடாம குடு. டூட்டி முடிச்சிட்டு வரேன்."

மாலையில் வந்தார். குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். உடம்பில் நீர் வற்றிப்போனதால் அது மடிந்தபடியே நின்றது. என்னை ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிள்ளையை அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். பட்டாபிராம் தாண்டுவதற்குள் அக்கா மடியிலேயே என் பிள்ளை போய்விட்டான்.

"ஊரார் புள்ளைங்களுக்கெல்லாம் வைத்தியம் பாக்குறா, கூடப் பொறந்தவ புள்ளைக்கு ஓடியார முடியலியா?" என்று சாவு வீட்டில் அக்கா காதுபடவே பேசினீர்கள். அக்கா வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. எத்தனை வருடம்! எப்பேர்ப்பட்ட பாவி நான்!

வயிற்றில் புற்றுநோய் என்று அக்கா படுத்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஒருநாள், "அக்கா, அன்னிக்குப் போன்ல..." என்று ஆரம்பித்தேன். "உடுடி. கஞ்சிய ஆத்திக் குடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடக்கத்துக்கு, அக்காவிடம் பயிற்சி பெற்ற ஓர் இளம் டாக்டர் வந்திருந்தார். என்னிடம் அழுதுகொண்டே சொன்னார்.

"வார்டுக்கு வந்த மொத நாளே மேடம் சொல்லுவாங்க. 'அம்மாங்கள அதட்டிக் கேக்காதீங்க. பயந்தா மறைப்பாங்க. கடைசியா எப்பம்மா தண்ணி குடுத்தேன்னு தன்மையாக் கேளுங்க. நான் ஒரு தடவ அதட்டிக் கேட்டேன், ஒரு கொழந்தை போயிடுச்சு'ம்பாங்க."

அந்தப் பழியையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு போயிருக்கிறார். அங்கேகூட என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், கடைசி வரை கவனித்த நர்ஸ் சகோதரிகளுக்கும், சேக்காட்டு அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் கணவரும் மாமியாரும் இதை உங்களோடு சேர்ந்து இன்றுதான் முதன்முதலாகப் படிக்கிறார்கள். அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அக்காவைப் பேசிய பேச்சை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணி குடுத்துகினு கீறியா என்று கேட்டீர்களே அக்கா, குடுக்கலைக்கா.