சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு வரி

எனக்கு இப்போது உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஒரகடத்தில், காருக்கு வயர் கட்டுகிற கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவு. ஏசி அறை, சக்கரம் வைத்த நாற்காலி. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு தாளில் எழுதிவைத்தது எழுதியபடியே நடந்திருக்கிறது. கம்பெனி விடுதிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம், திட்டம் போட்டுப் படித்து முன்னுக்கு வந்தவள் என்று என்னைக் கைகாட்டுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். என்னைவிட அந்த நாற்காலி அதிகம் தேவைப்பட்ட ஒருத்தி இருந்தாள்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்தவள் நான். லைனில் எனக்கு அடுத்த இடத்தில் நின்றவர், பக்கத்து ஊர்க்காரரான சேரப்பணஞ்சேரி அக்கா. முப்பத்து நாலு வயது, நாலாவது படிக்கும் ஒரு பெண். அவர்கள் வீட்டு நிலமும் சேர்ந்துதான் கம்பெனி ஆனது. நிலத்துக்குப் பதிலாக வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள், அதுவும் ஒப்பந்த வேலையாகத்தான் கிடைத்தது. முதல் நாள் சாப்பாட்டு இடைவேளையில் அக்கா தரையைக் காட்டிச் சொன்னார்: "இந்தக் கேன்டீன் கீதுல்ல, இது எங்க கத்திரிக்கா தோட்டம். நீ இப்ப எங்க தோட்டத்துலதான் சாப்ட்டுகினு கீற. நல்லா சாப்டு."

எட்டு மணி நேரமும் நின்றுகொண்டேதான் வேலை. அக்காவுக்குக் கால் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும். பேருந்தில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைக் கையால் அழுத்திக்கொண்டே வருவார்.

நான் சேர்ந்த சில நாட்களில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஒப்பந்தம் முடியும்போது பட்டப்படிப்பை எல்லாத் தாளிலும் தேறி முடித்திருப்பவர்கள், தரப் பிரிவில் நிரந்தர வேலைக்குத் தேர்வு எழுதலாம். மற்றவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். எனக்கு வயது பதினெட்டு. இங்கே இல்லாவிட்டால் அடுத்த கேட்டில் போய் நின்றால் எடுத்துக்கொள்வார்கள். அக்காவை எந்தக் கேட்டிலும் எடுக்க மாட்டார்கள், முப்பதைத் தாண்டியவர்களை லைனுக்குச் சேர்ப்பதில்லை. அவருக்கு இருந்தது இந்த ஒரு வழிதான். அது எனக்கும் தெரியும்.

இருவரும் தொலைதூரக் கல்வியில் பி.பி.ஏ. சேர்ந்தோம். விடுதியில் என்னோடு அறையில் இருந்த திருப்புவனத்துப் பிள்ளையும் சேர்ந்துகொண்டாள். அவள் வேலை, வெளியிலிருந்து வரும் பொருட்களைப் பிரித்துச் சோதிப்பது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஸ்ரீபெரும்புதூரில். முதல் வகுப்பில் அந்த ஆசிரியர் பாடத்தைத் தொடவே இல்லை. எப்படிப் படிப்பது, நேரத்தை எப்படிப் பிரிப்பது, பெரிய வேலையை எப்படித் துண்டு துண்டாக வெட்டுவது என்று இரண்டு மணி நேரம் சொன்னார். கடைசியில் ஆளுக்கொரு தாள் கொடுத்து, ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்று எழுதச் சொன்னார். நான் 'தரப் பிரிவு, நிரந்தரம்' என்று எழுதினேன். அக்கா வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, 'உக்காந்து பாக்குற வேலை' என்று எழுதினார்.

துண்டு துண்டாக வெட்டுவது என்றதுமே எனக்குப் பொறி தட்டியது. அதைத்தானே நாள் முழுக்க லைனில் செய்கிறோம். அதற்குள் மூவரையும் தனித்தனி ஷிப்டில் சுற்றவிட்டிருந்தார்கள், சேர்ந்து உட்காரவே முடியாது. ஆகவே பாடத்தை லைன் மாதிரி பிரித்தேன். ஆளுக்குச் சில பாடங்கள். அவரவர் பாடத்தைப் படித்துக் குறிப்பு எழுதி, மற்ற இருவருக்கும் ஜெராக்ஸ் எடுத்து லாக்கரில் வைத்துவிட வேண்டும். விடுதி அலமாரிக் கதவில் ஒரு அட்டவணை. குறிப்பு முடிந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு பச்சை ஸ்டிக்கர். கம்பெனியில் சோதித்து முடித்த பொருளில் ஒட்டுகிற அதே ஓகே ஸ்டிக்கர், நான்தான் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்தேன். பச்சை ஒட்டியதை அடுத்தவர் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை. முந்தைய இடத்தில் செய்ததை அடுத்த இடத்தில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் லைன் நகருமா?

முதல் இரண்டு வருடமும் மூவரும் எல்லாத் தாளிலும் தேறினோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. "நீ மட்டும் இல்லன்னா நான் புக்க தொறந்தே இருக்க மாட்டேன்மா" என்று அக்கா சொல்லும்போது, ஒரு லைனையே நான் நடத்துவதாக நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் வருடம் புள்ளியியல் வந்தது. அதில் நிகழ்தகவு என் பங்கு. புத்தகத்தை நாலு முறை படித்தும் ஒன்றும் ஓடவில்லை. ஒரு பெட்டியில் இத்தனை பல்பு, அதில் இத்தனை பழுது, இரண்டை எடுத்தால் இரண்டுமே பழுதாக இருக்க வாய்ப்பு என்ன என்று கேட்பார்கள். எங்கே கூட்டுவது, எங்கே பெருக்குவது என்று கடைசிவரை பிடிபடவில்லை. அட்டவணையில் என் கட்டம் மட்டும் இரண்டு வாரமாக வெள்ளையாக நின்றது. திட்டம் போட்டவளே தாமதித்தால் எப்படி? நாலு உதாரணக் கணக்கைப் பார்த்து அப்படியே எழுதினேன். மேலே ஒரு சூத்திரம் வேண்டுமே என்று, சிவப்பு மையில் கட்டம் போட்டு இப்படி எழுதினேன்: 'இதுவும் அதுவும் என்று கேட்டால் கூட்டு. இதுவோ அதுவோ என்று கேட்டால் பெருக்கு.' குத்துமதிப்பாக எழுதியதுதான். ஜெராக்ஸ் எடுத்து லாக்கரில் வைத்தேன், பச்சை ஒட்டினேன். அப்பாடா என்று இருந்தது.

நாலு நாள் கழித்துத் திருப்புவனத்துப் பிள்ளை என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். வருகிற எதையும் சோதிக்காமல் உள்ளே விட்டுப் பழக்கமில்லாதவள்.

"இது அப்படியே மாறி இருக்குடி. நீ எழுதியிருக்க உதாரணமே வேற மாதிரித்தான வருது. ரெண்டும் வேணும்னாத்தான் பெருக்கணும். நான் என்னோடதுல திருத்திட்டேன்."

எனக்கு முகம் சுட்டது. அவள் போனபிறகு என் நோட்டில் திருத்தினேன். அவள் சொன்னபடி போட்டால் கணக்கு வந்தது, அன்று மாலையே பாடமும் பிடிபட்டுவிட்டது. அக்காவிடம் அவளே சொல்லியிருக்க முடியாது, வேறு கட்டடத்தில் வேலை செய்பவள், ஞாயிறு வகுப்புகளும் முடிந்திருந்தன. அக்காவிடம் குறிப்பைக் கொண்டு சேர்ப்பது என் பொறுப்பு.

ஒரு பழுது தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். அது யார் யார் கைக்குப் போயிருக்கிறதோ அத்தனை பேரையும் உடனே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்த வாரம் நான் முதல் ஷிப்ட், அக்கா இரண்டாவது. மதியம் நாங்கள் இறங்கும் பேருந்துக்கும் அவர்கள் ஏறும் வரிசைக்கும் நடுவே தினமும் இரண்டு நிமிடம் பார்த்துக்கொள்வோம். அன்று சொல்லத்தான் போனேன். அக்கா என்னைக் கண்டதும் சிரித்தார்.

"உன் கட்டத்த மனப்பாடம் பண்ணிட்டேன்மா. வூட்ல எம்பொண்ணு கேள்வி கேக்கும், நான் பதில் சொல்வேன். தூக்கத்துல எழுப்பிக் கேளு, டக்குனு சொல்வேன்."

"சரிக்கா," என்றேன்.

அடுத்த நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த நாள் வரிசை வேகமாக நகர்ந்தது. அதற்கடுத்த நாள், போனில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. 'நான் தப்பா எழுதிட்டேன்க்கா.' அவ்வளவுதான். புரியாத பாடத்துக்குப் பச்சை ஒட்டினேன் என்று அந்த அக்காவிடம் ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. நேரமில்லை, மறந்துவிட்டேன் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை.

தேர்வில் நிகழ்தகவிலிருந்து கட்டாயக் கேள்வி வந்தது. அக்கா எனக்கு மூன்று பெஞ்ச் முன்னால். கேள்வித்தாளைப் புரட்டியதும் திரும்பி என்னைப் பார்த்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். தெரிந்த கேள்வி வந்த சந்தோஷம். நான் குனிந்துகொண்டு சரியாக எழுதினேன்.

புள்ளியியலில் மட்டும் ஆறு மதிப்பெண் குறைந்து அக்கா தேறாமல் போனார். எங்கள் இருவருக்கும் எல்லாத் தாளும் தேர்ச்சி. திருப்புவனத்துப் பிள்ளை கல்யாணமாகி ஊருக்குப் போய்விட்டாள், நான் தரப் பிரிவுத் தேர்வு எழுதி உள்ளே வந்தேன். ஒப்பந்தம் முடிந்த அன்று அக்கா லாக்கரைக் காலி செய்துகொண்டே என்னைச் சமாதானப்படுத்தினார். அழுதது நான்தான். "நீ ஏம்மா அழுற? நீ இன்னா பண்ணுவ? நீ கரெக்டாத்தான் குடுத்த, என் மண்டைலதான் ஏறல." அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இரண்டு வருடம் ஆகிறது. அக்கா இப்போது எங்கள் கேன்டீனில் பரிமாறுகிறார், கேன்டீன் எடுத்திருப்பவரிடம் கூலிக்கு. அந்தக் கத்திரிக்காய்த் தோட்டத்தில்தான், இப்போதும் நின்றுகொண்டேதான். பட்டமாவது கையில் இருக்கட்டும் என்று அந்த ஒரு தாளை இன்னும் இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் போய்விட்டது. இரண்டு முறையும் என் குறிப்பைத்தான் வைத்துப் படித்தார்.

போன வாரம் தட்டை நீட்டினேன். சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "இனிமே எழுதறதா இல்லமா. போதும். நமக்கு வராதது வராது. அந்த நோட்டதான் எம்பொண்ணுகிட்ட குடுத்துட்டேன். ஒம்பதாவது போய்க்கிறா. அவளுக்கு இப்ப நிகழ்தகவு வருதாம். இது அந்த அக்கா எழுதனது, படிச்சி ஆபீஸ்ல உக்காந்துகினு கீது, அது மாதிரி படின்னு சொல்லி வெச்சிக்கிறேன்."

எனக்குப் பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அடுத்த தட்டுக்குக் கை நீட்டினார்.

"நல்லா படிக்கச் சொல்லுங்கக்கா," என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.