அடுத்த லீவில் போட்டுக்கலாம்

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டது இன்றைக்கு இதில் என்ன ஓடும் என்பதைத்தான். இரண்டு வருடம் கழித்து இதில் என்ன ஓடும் என்று கேட்ட ஒரே ஆள் பெனின். அவருக்கு நான் பொய் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் போகப்போக என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளத் தோன்றும்.

2005 மே மாதம். நாகர்கோவில் கோட்டாறில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே எனக்கு ஒற்றை அறைக் கடை. டைட்டஸ் கம்ப்யூட்டர்ஸ் என்று பலகையில் பன்மையில் எழுதியிருக்கும். உள்ளே இருந்தது நானும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட்டும்தான். சென்னையிலிருந்து பாகங்களை வரவழைத்துப் பூட்டிக் கொடுப்பேன். பெனின் மாடியேறி வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஒரு நோட்டுத்தாளை மேசையில் விரித்தார். அவருக்கு அப்போது முப்பத்து நாலு வயது. சவுதியில், தம்மாமில் ஏ.சி. மெக்கானிக். சொந்த ஊர் ராஜாக்கமங்கலம்துறை. சுனாமிக்குப் பிறகு அவர் மனைவி விக்டோரியா இனிமேல் அலைச்சத்தம் கேட்கும் இடத்தில் தூங்கமாட்டேன் என்று சொல்லி, மகளோடு கோட்டாறில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். என் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. மகள் ரெஜிஷாவுக்கு எட்டு வயது. அந்த எட்டு வருடத்தில் அப்பனும் மகளும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம் தேறாது. முன்பின் தெரியாத என்னிடம் அதை அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

"போன்ல சாப்பிட்டியா, படிச்சியான்னு கேப்பேன். அவ ம்னு சொல்லுவா. அதுக்கு மேல எனக்கும் ஒண்ணும் கேக்கத் தெரியல கேட்டியளா."

அந்த லீவில் மூன்று பேரும் கன்னியாகுமரிக்குப் போயிருக்கிறார்கள். கடைத்தெருவில் காசு போட்டு விளையாடுகிற கார் பந்தய மெஷின் ஒன்று இருந்தது, ஸ்டியரிங் வைத்தது. ரெஜிஷா அவர் மடியில் உட்கார்ந்து ஓட்டினாள். பிரேக் அவர் காலில். அவர் தப்பாக மிதிக்கும்போதெல்லாம் அவள் திட்டினாள். திரும்பி வரும் பஸ்ஸில் கோட்டாறு வரைக்கும் வாய் ஓயாமல் பேசினாளாம். ஒரு தகப்பனுக்குக் கிடைத்த அந்த ஒன்றரை மணி நேரத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வழி உண்டா என்று பார்க்கத்தான் அவர் என் கடைக்கு ஏறி வந்தார்.

கையில் முப்பதாயிரம்தான் இருந்தது. அந்தக் காசுக்கு எல்லாம் சுமாராக ஒரு கம்ப்யூட்டர் செய்யலாம். அல்லது சிலதை உறுதியாகப் போட்டு, மிச்சத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளும்படி விடலாம். இரண்டாவது வழியை நான் விளக்குவதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. மின்சாரம் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைக் கையில் எடுத்து, எத்தனை வாட் என்று பார்த்து, பின்னாடி லோடு கூடினால் இது தாங்குமா என்று கேட்டார். ஏ.சி. பார்க்கிறவர் அல்லவா? பெரியதாகவே போடச் சொன்னார். காற்று நன்றாகப் போய்வருகிற கேபினெட் எடுத்தோம். ராம் ஒன்று போதும், பக்கத்து ஸ்லாட் சும்மா கிடக்கட்டும். பிராசஸர் நடுத்தரம். விளையாட்டுக்கு உயிரான கிராபிக்ஸ் கார்டை மட்டும் இப்போது வேண்டாம் என்று தள்ளிவைத்தோம். அடுத்த லீவில் அங்கிருந்தே நல்லதாக ஒன்று கொண்டுவந்துவிடுவார். கல்ஃப்காரர்களுக்கு அங்கே விற்கிற சாமான்தான் ஒரிஜினல். இங்கே அதே கம்பெனி, அதே டப்பா என்று தலைகீழாக நின்று சொன்னாலும் ஏறாது.

அந்த வருடம் கார்டு சொருகுகிற ஸ்லாட்டே மாறிக்கொண்டிருந்தது. பழைய மாதிரி போய்ப் புது மாதிரி வந்துவிட்டது. ஒன்றுக்கான கார்டு இன்னொன்றில் நுழையாது. பழைய மாதிரி ஸ்லாட் வைத்த மதர்போர்டு இரண்டு என் அலமாரியில் போணியாகாமல் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன்.

"ரெண்டு வருஷம் கழிச்சு வரும்ப நல்ல கார்டு இதுல போட முடியுமா?" என்று கேட்டார்.

"தாராளமா போடலாம்" என்றேன்.

நாக்கு கூசவில்லை. சரக்கு நகர்ந்தது என்ற சந்தோஷம்தான் இருந்தது.

வீட்டில் பூட்டிக் கொடுத்தபோது கார் பந்தயம் ஏதோ ஓடியது. கார்கள் சோப்புக்கட்டி மாதிரி இருந்தன, மரங்கள் விட்டுவிட்டுத் தெரிந்தன. ரெஜிஷாவுக்கு அது போதுமானதாக இருந்தது. பெனின் போன பிறகு வெள்ளிக்கிழமை போன்களில் அவளுக்குப் பேச விஷயம் இருந்தது. கார்டு வந்தால் நிழல் தெரியுமா, மழை பெய்யுமா, வளைவில் கார் குலுங்காமல் போகுமா என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்வாள். மற்றப் பிள்ளைகள் மிட்டாய்க்கும் பாவாடைக்கும் பட்டியல் போட்டார்கள் என்றால் இவள் கார்டின் மெமரி எவ்வளவு இருக்கவேண்டும் என்று அப்பாவுக்குச் சொன்னாள். எதையாவது சரிபார்க்க நான் போகும்போது விக்டோரியா சிரித்துக்கொண்டே இதையெல்லாம் சொல்வார். நான் அவசரமாக கேபினெட்டின் பின்பக்கம் குனிந்துகொள்வேன்.

2007-ல் பெனின் கார்டோடு வந்தார். கயிறு கட்டின அட்டைப்பெட்டியில் போடாமல், இரண்டு குளிக்கிற துண்டில் சுற்றி, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். திருவனந்தபுரத்திலிருந்து வந்த கார் வீட்டில் நின்ற ஒரு மணி நேரத்துக்குள் எனக்கு ஆள் வந்துவிட்டது. கார்டின் அடிப்பக்கத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் கேபினெட்டைத் திறந்து, சொருகிப் பார்க்கிற மாதிரி பாவனை செய்தேன். ரெஜிஷா டார்ச் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தாள்.

கம்பெனிக்காரன் ஸ்லாட்டை மாற்றிவிட்டான், காலம் ரொம்ப வேகமாகப் போகிறது என்று சொன்னேன். போர்டை மாற்றலாம், ஆனால் இதன் பிராசஸரும் ராமும் புதுப் போர்டில் உட்காராது, மூன்றையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும் என்றேன். இவை எல்லாம் உண்மை. எனக்கு முன்பே தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. பெனின் கார்டை வாங்கித் துண்டில் சுற்றினார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த லீவோடு திரும்பிப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் அவர் வந்திருந்தார். இங்கே ஏ.சி. சர்வீஸ் வைத்தால் என்ன என்று கடையறை தேடி என்னோடு ஒரு வாரம் அலைந்தார். 'நீங்க' போய் 'நீ' வந்தது அப்போதுதான். நாகர்கோவிலில் ஏ.சி. வைத்த வீடுகளை அன்றைக்கு விரல்விட்டு எண்ணிவிடலாம். இருக்கிற வேலைக்கு ஏற்கெனவே நாலு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். சொந்தமாக ஒரு வீடு கட்டவேண்டும், பிள்ளை வளர்கிறாள். நாற்பதாவது நாள் டிக்கெட்டை உறுதி செய்துவிட்டு வந்தார்.

புறப்படுகிற அன்று ரெஜிஷா காரின் கதவை விடவில்லை. அவளைச் சமாதானப்படுத்த அவர் வாயில் வந்த வார்த்தை, "அப்பா போர்டு எடுக்கத்தான் போறேன் மக்களே" என்பது. அவள் உடனே கையை எடுத்துவிட்டாள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது நியாயமான காரணமாகப் பட்டது. கார்டைத் தன் உடுப்புகளுக்கு நடுவே பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

2009-ல் போர்டும் பிராசஸரும் ராமும் வந்தன. இந்த முறை ஒவ்வொன்றும் எந்த மாதிரி என்று நானே தம்மாமுக்கு எழுதி அனுப்பியிருந்தேன். கூலி வாங்காமல் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பூட்டினேன். திரையில் மழை பெய்தது, தார்ரோட்டில் விளக்கு வெளிச்சம் விழுந்தது. ரெஜிஷா கத்தவில்லை, அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்த ஒரு மாதம் தெருவில் போகும்போதெல்லாம் அவள் அவரைத் திட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும். பெனினுக்குக் கடைசிவரை வளைவில் திருப்ப வரவில்லை. வேண்டுமென்றே செய்கிறாரோ என்று கூட எனக்குச் சந்தேகம் உண்டு.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது ரெஜிஷா தனியாகக் கடைக்கு வந்தாள். பன்னிரண்டு வயது. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாமா, அப்பா ஒங்கட்ட வந்து இனி இதுல என்ன போடலாம்னு கேப்பாவ. ஒண்ணும் போட முடியாது, எல்லாம் ரொம்பியாச்சுன்னு சொல்லிருவியளா?"

எதற்கு என்று கேட்டேன்.

"போட ஒண்ணும் இல்லன்னா அப்பா போமாட்டாவல்லா."

சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் படியிறங்கிப் போன பிறகு வெகுநேரம் வேலை ஓடவில்லை. நாலு வருடத்துக்கு முன்பு அலமாரியைக் காலி பண்ணுவதற்காக நான் சொன்ன ஒரு வார்த்தையால், கணக்குத் தப்பாத ஒரு பிள்ளை இப்படி ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.

அவள் சொன்ன மாதிரியே மறுநாள் பெனின் வந்தார். அதையே கேட்டார். உள்ளே ராமுக்கு இரண்டு ஸ்லாட் காலி, இன்னொரு கார்டுக்கு இடம் இருந்தது, எஸ்.எம்.பி.எஸ்ஸில் வேண்டிய அளவு சக்தி மிச்சம் இருந்தது. இனி ஒன்றும் கூட்ட முடியாது, இதோடு சரி என்றேன். அவரை இங்கே நிறுத்திவிட்டதாக நினைத்து எனக்குக் கொஞ்சம் கர்வம் கூட வந்தது.

"அப்பம் புதுசு ஒண்ணு எடுக்கணும்" என்றார் பெனின். "அங்க ரெண்டு வருஷம் கூட நின்னாத்தான் ஆவும்."

மாற்றிச் சொல்ல வேறு வழி தெரியாமல் உள்ளதை எல்லாம் கொட்டிவிட்டேன். ஸ்லாட் காலியாகத்தான் இருக்கிறது, ரெஜிஷா வந்து கேட்டுக்கொண்டாள், அதற்காகத்தான் சொன்னேன் என்றேன். முதல் போர்டின் விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

பெனின் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மக்கா, ஸ்லாட் சும்மா கெடக்கது எனக்குத் தெரியாதா? எனக்கும் கண்ணு இருக்கு. அந்த மொதல் போர்டு பழைய சரக்குன்னு நான் நடந்ததச் சொல்லிப் புது போர்டு கேட்டப்பம் அங்க கடைக்காரன் சொன்னான். அதெல்லாம் போட்டும். இஞ்ச நின்னா நான் என்ன செய்ய? நீயும் எங்கூட கடையறை தேடி அலைஞ்சதானே. போகாம முடியாது. எதுக்குப் போறியன்னு அவ கேப்பா. நான் ஒண்ணு சொல்லணும்லா. பொழைக்க வழி இல்ல, அதனாலதான் ஒன்ன விட்டுட்டுப் போறேன்னு எனக்க பிள்ளையிட்ட எப்படிச் சொல்ல?"

பெனின் ஒரு தாளை எடுத்து, புதுக் கம்ப்யூட்டருக்கு என்னென்ன வாங்கவேண்டும் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். எஸ்.எம்.பி.எஸ் எத்தனை வாட், போர்டில் எத்தனை ஸ்லாட், பிறகு என்ன சேர்க்கலாம் என்று ஒழுங்காக எழுதினேன். அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கார் வந்தது. நானும் போயிருந்தேன், பெட்டி தூக்க. விக்டோரியா கதவருகே முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி நின்றார். ரெஜிஷா இந்த முறை காரைப் பிடிக்கவில்லை, அழவும் இல்லை. பெனின் குனிந்து, புதுசு ஒன்று எடுக்கத்தான் அப்பா போறேன், டைட்டஸ் மாமா எழுதித் தந்திருக்கிறார் என்று சொல்லிச் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். அவள் அதை வாங்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தாள்.

"எனக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம்ப்பா" என்றாள்.

பெனின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதைக் கேட்டு விக்டோரியா உள்ளே போய்விட்டார். நான் ஏதாவது சொல்வேன் என்று பெனின் என் முகத்தைப் பார்த்தார். நாலு வருடமாக அந்த வீட்டுக்கு வேண்டிய பொய்யை எல்லாம் சப்ளை செய்துவந்த எனக்கு அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. டிரைவர் நேரமாச்சு என்று சொன்னார். பெனின் அவள் தலையில் கை வைத்தார், எடுத்தார், காரில் ஏறி உட்கார்ந்தார். எதற்காகப் போகிறேன் என்று மகளிடம் சொல்ல ஒரு காரணமும் மிச்சமில்லாமல் அவர் போனது அன்றைக்குத்தான்.