ஆணி கேட்ட அக்கா

இன்ஜினியரிங் முடித்துவிட்டு, காரைக்குடியில் அப்பாவின் ஹார்டுவேர் கடையில் கெத்தாக உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த அக்காவைப் பார்த்தேன். துணிக்கடை யூனிஃபார்ம் சேலை, இறுக்கிப் போட்ட கொண்டை, வேக நடை. சுவரில் ஒட்டுகிற பிளாஸ்டிக் ஹூக் மட்டும்தான் வாங்குவார். ஒவ்வொன்றையும் விரலால் இழுத்துப் பார்ப்பார்.

"ஹூக்குலயே வீடு கட்டுறீகளாக்கா?" என்று ஒருநாள் கலாய்த்தேன்.

"வாடக வீட்ல ஆணி அடிக்க விடமாட்டாக தம்பி. காலி பண்ணச் சொன்னா ஒட்டுன ஹூக்கும் அங்குட்டே போயிரும், திரும்பப் புதுசு வாங்கணும்." சிரித்தவர் கொஞ்சம் நின்றார். "வீடு மாறுனா லீவு போடணும். புள்ளய விட்டுட்டு வர பக்கத்துல புதுசா ஆளு புடிக்கணும். அதுவரைக்கும் கடைக்கி தெனமும் லேட்டு. இன்னொருக்கா வீடு மாறுறேன்னு லீவு கேட்டா அப்படியே வேலைய விட்டு நின்னுக்கன்னுட்டாரு மேனேஜரு."

ஹூக்குகளை எண்ணிக் கவரில் போட்டுக் கொடுத்தேன்.

பல மாதம் கழித்து அதே யூனிஃபார்ம் சேலையில் வந்தார். வேலை போகவில்லை என்று எனக்கே நிம்மதி. ஹூக் டப்பாவை நீட்டினேன். தள்ளிவிட்டார்.

"ஆணி குடு தம்பி. வார லீவுலயே சாமான ஏத்தி வீடு மாறிட்டேன். இந்த வீட்டுக்காரம்மாவும் வேலைக்கிப் போறவுக. எம்புட்டு நாளு வேணாலும் இருங்க, ஆணி அடிச்சுக்கங்கன்னுட்டாக."

"சாமி படம் மாட்டவாக்கா?"

"பாப்பா ஸ்கூல் பை மாட்ட. நல்லா நீளமாக் குடு."

ஒரு ஸ்கூல் பைக்குச் சின்ன ஆணியே தாராளம். ஆனாலும் கடையிலேயே நீளமான கான்கிரீட் ஆணியை எடுத்துக் கொடுத்தேன். அதையும் விரலால் ஒருமுறை வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.