லேசரில் வெந்த தேள்

எண்பதுகளில் சிங்கப்பூரில் லேசரைத் தன் உடம்பில் வாங்கிய தமிழர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நான் வாங்கினேன். அதிலும் ஒன்றல்ல, இரண்டு வகை. பள்ளிக்கூடத்தில் ஆறாவது தாண்டாதவன்தான். ஆனால் ஆர்கான் லேசருக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசருக்கும் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேளுங்கள், தோலைக் காட்டியே சொல்வேன்.

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பல் மூட்டை தூக்கிய காலத்தில் வலது தோளுக்குக் கீழே, கையில் ஒரு தேளைப் பச்சை குத்திக்கொண்டேன். எங்கள் கூட்டத்தில் எல்லோருமே ஏதாவது குத்தியிருந்தோம். பிறகு ஒரு லாரி வாங்கினேன், அது பல லாரியானது, ஆங் மோ கியோவில் வீடும் வந்தது. தேளைச் சட்டை மறைத்தது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் அந்தத் தேள் நினைவுக்கு வந்தது. சம்பந்தி வீட்டார் யாழ்ப்பாண வழி வந்தவர்கள், அப்பாவும் மகனும் அரசாங்க உத்தியோகம். உடம்பில் பச்சை குத்தியவன் என்றால் குண்டர் கும்பல் என்று ஊரே நினைத்த காலம் அது. தாரை வார்க்கும்போதோ பெண்ணின் அப்பா சட்டையில்லாமல் மணையில் உட்கார வேண்டும்.

"துண்டப் போட்டு மறைச்சுக்கங்க," என்றாள் மனைவி.

"ரெண்டு கையும் மக கையப் புடிச்சிருக்கும். துண்ட யாரு புடிப்பா, உங்கண்ணனா?"

"அவர் வேணாம். அவர் முதுகு முழுக்க டிராகன்."

தோல் டாக்டரிடம் போனேன். தமிழ்ப் பெண்.

"அங்கிள், ரெண்டு மெஷின் இருக்கு. வாலுல ஒண்ணு, கொடுக்குல ஒண்ணு போட்டுப் பார்ப்போம். எது நல்லா ஆறுதோ அதுலயே மீதிய எடுத்துடலாம்."

முதலில் வாலில் ஆர்கான். கறுப்புக் கண்ணாடியால் என் கண்ணை மூடுவதற்கு முன், குறிபார்க்கும் ஒளியைச் சுவரில் காட்டினார். மயில் கழுத்து நிறம்! கோயில் விளக்கிலும் அப்படி ஒரு நிறத்தைக் கண்டதில்லை.

அடுத்தது கார்பன் டை ஆக்சைடு. அதற்குச் சாதாரணக் கண்ணாடிதான், எல்லாவற்றையும் பார்த்தேன். கொடுக்கின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வந்து நின்றது. அது வழிகாட்டத்தான், சுடுகிற ஒளி கண்ணுக்கே தெரியாது. ஊசி போட்டதில் மரத்துப்போன தோல் வெளுத்தது, புகைந்தது, முடி கருகிய வாடை வந்தது. டாக்டர் ஈரப் பஞ்சால் துடைத்தார். துறைமுகத்து மை பஞ்சில் கறுப்பாக வந்தது. சூரியனைப் பென்சில் முனை அளவுக்குச் சுருக்கி என் தோளில் வைத்த மாதிரி இருந்தது.

புண் ஆறியதும் ஒப்பிட்டோம். ஆர்கான் என் கறுப்புத் தோலையே மை என்று நினைத்துவிட்டது போல. வால் தடித்து எழும்பியது, மையும் மிச்சமிருந்தது. கொடுக்கில் மையே இல்லை, வெளுத்த தழும்பு மட்டும்.

"வெளிநாட்டுல ரூபி லேசர்னு ஒண்ணு வந்திருக்கு. தோல அவ்வளவா சுடாம மைய மட்டும் உடைக்குமாம். இங்க இன்னும் வரல."

"காத்திருக்கலாமா டாக்டர்?"

"உங்க மக காத்திருப்பாங்களா அங்கிள்?"

மீதியையும் கார்பன் டை ஆக்சைடே தின்றது. மை போனது. ஆனால் கொடுக்கு, கால், வால் எல்லாம் அச்சு மாறாமல் தழும்பாக நின்றது. கேட்டால் லாரி ரேடியேட்டர் கொதித்துச் சுட்டது என்று சொல்வதாக நானும் மனைவியும் பேசிவைத்தோம்.

தாரை வார்த்து எழுந்தபோது துண்டு நழுவியது. சம்பந்தி பார்த்துவிட்டார்.

"உதென்ன சம்பந்தி, நெருப்பு சுட்டதோ?"

சூரியனையே தோளில் வாங்கியவன் ரேடியேட்டர் என்று எப்படிச் சொல்வான்?

"லேசர்!" என்றேன். "இங்க ஆர்கான், இங்க கார்பன் டை ஆக்சைடு."

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "அப்ப இதில முந்தி என்ன இருந்தது?"

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"தேள்," என்றேன்.

அவர் விரலால் தழும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வாரும், பேப்பரில வாசிச்சமே லேசர், அது சம்பந்தியின்ர கையில இருக்கு! தேளின்ர காலைக்கூட எண்ணலாம்!"

அவர் வீட்டார் ஒவ்வொருவராக வந்தார்கள். என் மனைவி சட்டையை நீட்டிக்கொண்டே நின்றாள். பந்தி தொடங்கும்வரை நான் அதை வாங்கவே இல்லை.