இரண்டு பேருக்கான கரவன்

எங்கள் கரவனில் இரண்டு பேர் படுக்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்த பயணக் கூட்டங்களில் இதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. சிட்னியில் பென்டில் ஹில்லில் இருந்தோம். எனக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை, என் கணவருக்கு ரயில் பெட்டி திருத்தும் பட்டறையில் பகல் வேலை. நான் வாசலால் உள்ளே வர அவர் வெளியே போவார். கார்ச் சாவி மட்டும் கைமாறும். பன்னிரண்டு வருடமாக எங்கள் குடும்ப வாழ்க்கை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய துண்டுக் கடதாசிகளில்தான் நடந்தது. 'கறி கீழ்த்தட்டில்.' 'மகளுக்குப் பல் டாக்டர் நாலு மணி.' 'என் குடை எங்கே?'

மகள் படிப்புக்காகக் கான்பராவுக்குப் போன வருடம் எங்கள் இருவருக்கும் நீண்ட சேவை லீவு ஒன்றாகக் கிடைத்தது. காரில் கொழுவி இழுத்துப்போகும், சிறு வீடு போன்ற கரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, நான்கு வாரம் வடக்கே கெய்ன்ஸ் வரை போய்வருவது என்று முடிவெடுத்தோம். நாங்கள் இருவர் மட்டும். அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் கூட இருந்த மனிதருக்கு இதையும் வாய் திறந்து சொல்ல வேண்டுமா என்று ஒரு திமிர். அந்தத் திமிருக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் ஆட்களிடம் ஓர் ஒழுங்கு உண்டு. எங்காவது போகப்போகிறோம் என்று சொன்னால் கேட்கிறவரையும் கூப்பிட வேண்டும். அவர் மறுக்க வேண்டும். இன்னொரு முறை கூப்பிட வேண்டும், இன்னொரு முறை மறுப்பார். அத்துடன் இரு தரப்பும் மரியாதை காத்த திருப்தியோடு தேத்தண்ணீர் குடிக்கலாம். மூன்றாம் முறை கூப்பிட்டால் அது மெய்யான அழைப்பு. குழந்தைப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தக் கணக்கில் என் கணவர் கோட்டைவிட்டார்.

இரண்டு வீடு தள்ளியிருந்த அன்ரிக்கும் அங்கிளுக்கும் செய்தி சொல்லப் போயிருந்தோம்.

"நீங்களும் வாங்கோவன், அன்ரி."

"எங்களுக்கேன் தம்பி, இந்தக் கால் உழைவோட?"

"சும்மா வாங்கோ."

"ஐயோ வேண்டாம், நீங்கள் சந்தோசமாப் போட்டு வாங்கோ."

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நான் என் கணவரின் காலை மிதித்தும் பார்த்தேன். வடை நன்றாக இருந்ததோ என்னவோ, மனிதர் உணர்ச்சிவசப்பட்டு, "இல்லை அன்ரி, நீங்கள் கட்டாயம் வரவேணும்" என்றார். அன்ரி அங்கிளைப் பார்த்தா. அங்கிள் கூரையைப் பார்த்தார். "அப்ப வாறம்" என்றா அன்ரி.

அடுத்த சனிக்கிழமை மளிகைக் கடையில், தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த கம்ப்யூட்டர் தம்பி ஒருவரையும் இவர் அதே மூன்று முறை கூப்பிட்டார். "கண்டிப்பா வர்றோம் அண்ணா" என்றார் தம்பி. அவருடைய மனைவி பக்கத்தில் நின்று முருங்கைக்காயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம். சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரிப்போம். அன்ரி புட்டுப் பானை, இடியப்ப உரல், பத்துக் கிலோ சம்பா அரிசி என்று பட்டியல் வாசிப்பா. அங்கிள், சொந்தக்காரர் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். பிரிஸ்பனில் மட்டும் ஏழு வட்டம். ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாவிட்டால் கோபிப்பார்களாம். தம்பி கம்ப்யூட்டரில் அச்சடித்த அட்டவணையோடு வருவார். அதில் காலை ஆறு பத்துக்குப் பல் விளக்கல் இருந்தது. ஆறு பேருக்கும் ஒரே ஆறு பத்து.

நானும் சும்மா இருக்கவில்லை. கரவனுக்குள் மீன் பொரித்தால் மணம் ஒரு மாதம் நிற்கும் என்றேன். "அப்ப வெளியிலை பொரிப்பம்" என்றா அன்ரி. வழியெல்லாம் பாம்பு என்றேன். "ஓம், பாம்பு பாக்கலாம்" என்று அங்கிள் தலையாட்டினார். எதைச் சொன்னாலும் சம்மதித்தார்கள். இவ்வளவு ஆசையோடு வருகிறார்களே, நான் எவ்வளவு கெட்டவள் என்று எனக்கே வெட்கமாகவும் இருந்தது.

நான்காவது ஞாயிறு, படுக்கை விஷயம் வந்தது. தம்பி படம் கீறி வந்திருந்தார். பெண்கள் மூவரும் கரவனில். ஒல்லியானவள் என்பதால் அவருடைய மனைவிக்குச் சாப்பாட்டு மேசை. ஆண்கள் மூவரும் கூடாரத்தில்.

"நல்ல ஐடியா" என்றார் என் கணவர்.

நான் எழுந்து குசினிக்குப் போய்விட்டேன். எல்லாரும் போனபின் அவர் தேத்தண்ணீர்க் கோப்பைகளோடு உள்ளே வந்தார்.

"என்ன, தலையிடிக்குதே?"

"நாலு கிழமையும் நீங்கள் கூடாரத்துக்கை, நான் அன்ரியோடை. அதுக்கு நான் இஞ்சையே இருந்து வேலைக்குப் போவன்" என்றேன். "எனக்கு உங்களோடை தனியப் போகவேணும். வேறை ஒருத்தரும் வேண்டாம்."

அவர் கோப்பைகளைத் தொட்டிக்குள் வைத்தார். "எனக்கும் அதுதான் விருப்பம்" என்றார். "நீர் ஒண்டும் சொல்லேல்லை. என்னோடை தனியப் போக உமக்கு அலுப்பாயிருக்கும், ஆக்கள் இருந்தால் உமக்குப் பொழுதுபோகும் எண்டு நினைச்சன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த மனிதரை என்ன செய்வது?

அவர் நேரே தொலைபேசியிடம் போனார். ஏதாவது பொய் சொல்லுவார், முதுகு நோகுது என்பார் என்று நினைத்தேன். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. நான் இவவோடை தனியப் போகப்போறன்."

அவருடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. அடுத்த கணம் அன்ரியின் குரல் எனக்கே கேட்டது: "இஞ்சாருங்கோ! நாங்கள் போகத் தேவையில்லையாம்!" அங்கிள் அதற்கு என்ன சொன்னார் என்று தெரியாது, ஆனால் கைதட்டிய சத்தம் கேட்டது. மூன்று தரம் கேட்ட பிள்ளைக்கு எப்படி மாட்டேன் என்பது என்று, பாவம், ஒரு மாதமாக நித்திரை இல்லாமல் இருந்திருக்கிறார்கள். தம்பி வீட்டிலும் அதே கதை. அவருடைய மனைவி தொலைபேசியைப் பறித்து, "ரொம்ப நன்றி அண்ணா" என்றாளாம்.

நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து வயிறு நோகச் சிரித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி திரும்ப அடித்தது. அன்ரி. என்னிடம் கதைக்க வேண்டுமாம். குரலைத் தாழ்த்திக்கொண்டா.

"பிள்ளை, அந்தக் கரவனைத் திருப்பிக் குடுக்கிறதுக்கு முன்னம், ஒரு கிழமை எங்களுக்கு எடுத்துத் தரேலுமே?"

"உங்களுக்கும் அங்கிளுக்குமோ?"

"ஓம். கலியாணம் கட்டி முப்பத்தெட்டு வருசம், நாங்கள் ரெண்டு பேரும் தனிய ஒரு இடமும் போகேல்லை. அவருக்கு இன்னும் சொல்லேல்லைப் பிள்ளை. எப்பிடிக் கேக்கிறதெண்டு எனக்கு வெக்கமாக் கிடக்கு."