வேதாளம் ஏறிய பிறேக்

தேநீர் குடிக்கும்போதும் சோதிலிங்கத்தின் வலது கால் சும்மா இராது. மேசைக்கடியில் எதையோ அமத்தும், விடும், மறுபடி அமத்தும். வேலை முடிந்து அவர் வரும் ரயில் ஜேர்மனியின் ஹம் நிலையத்துக்குள் நுழையும்போது அவரும் தரையை ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். ரயில் நின்றதும், தானே நிறுத்தியதுபோல மீசையைத் தடவிக்கொள்வார்.

பகலில் ஆணித் தொழிற்சாலை. மிச்ச நேரமெல்லாம் வீட்டுக் கராஜ். பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய துண்டுகளைத் தானே பூட்டி, கூரையில்லாத இரண்டு சீற்றுக் கார் ஒன்றை எழுப்பியிருக்கிறார். சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு. "கடையிலை வாங்கினது வாகனம். நானே பூட்டினதுதான் கார்," என்பார். அடக்கமாகப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

ஆனால் அந்தக் காரின் பக்கத்துச் சீற்றில் ஆளில்லை. முதல் ஓட்டத்தில் மனைவி வத்சலாவை ஏற்றிக்கொண்டு வீட்டுச் சரிவில் இறங்கியபோது, பின் பிறேக் பிடிக்காமல் கார் நேரே அயல்வீட்டுச் செடிவேலிக்குள் புகுந்துவிட்டது. கொண்டையில் இலைகளோடு இறங்கிய வத்சலா, "இனி இதிலை ஏற எனக்கென்ன விசரோ?" என்றவள்தான். ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு அவளை அதில் கூட்டிப் போகாவிட்டால், தான் பூட்டியது காரே இல்லை என்று சோதிலிங்கத்துக்குப் பட்டது. மனம் கிடந்து வெந்தது.

பின்சில்லுகளின் பழைய டிரம் பிறேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிறேக் பூட்டினார். பிறேக் எண்ணெய்க் குழாய்க்குள் காற்று நின்றால் பிறேக் பிடிக்காது. அதை வெளியேற்ற ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், மற்றவர் கீழே கிடந்து நிப்பிளைத் திறக்க வேண்டும். "சில்லுப் பூட்டாத காரெண்டால் இருப்பன்," என்று வத்சலா ஏறினாள்.

"அமத்தும்!"

"அமத்திட்டன்!"

"விடும்!"

"விட்டிட்டன்!"

பின்னேரம் முழுக்க இதே பாட்டு. பெடல் மட்டும் பஞ்சாகவே தாழ்ந்தது.

"காத்துப் போகுதில்லையப்பா."

"காத்தோ கறுப்போ, எனக்குச் சோறு வடிக்க வேணும்," என்று அவள் இறங்கிப் போய்விட்டாள்.

சாப்பிட்டுக் கழுவிய கை காயுமுன் அவர் மறுபடி கராஜுக்கு நடந்தார்.

"பாருங்கோவன், வேதாளம் திரும்பவும் முருங்கை மரத்திலை ஏறிட்டுது!" என்றாள் வத்சலா.

சோதிலிங்கம் நின்றார். "என்ன சொன்னனீர்?"

"வேதாளம் ஏறிட்டுது எண்டு சொன்னனான். பொய்யோ?"

"ஏறுமப்பா! காத்து மேலைதானே ஏறும்! நிப்பிள் கீழையெல்லோ கிடக்குது!"

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களை இடம் வலம் மாற்றிப் பூட்டியிருந்தார் மனிதர். காற்றை விடும் நிப்பிள் கீழே தொங்க, காற்று மேலே ஏறிச் சொகுசாகக் குந்தியிருந்தது. கழற்றி மாற்றினார். வத்சலா அகப்பையோடு வந்து ஏறி மிதித்தாள். பெடல் கல்லாக நின்றது. அவர் போட்ட கூச்சலில் அயல்வீட்டு யன்னல் திறந்தது.

வாகனச் சோதனைக்குப் போன இடத்திலும் வெற்றிதான். பரிசோதகர் பின்சில்லுகளை உருளைகளில் ஏற்றி மிதிக்கச் சொன்னார். பிறேக்கை அளக்கும் ஊசிகள் இரண்டு பக்கமும் சேர்ந்தெழும்பின. "சேர் குட்," மிக நன்று என்றார் அவர், ஜேர்மன் மொழியில். அந்த இரண்டு சொல்லைச் சோதிலிங்கம் தெருவில் கண்ட தமிழருக்கெல்லாம் சொன்னார்.

வத்சலாவிடம் அது எடுபடவில்லை. தேரன்று காலை, பட்டுச் சேலை உடுத்து வந்தவள் சரிவின் அடியில் ஒரு தேசிக்காயை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"தேசிக்காய் சில்லாலை நசிக்கத்தானே வைக்கிறது?" என்றார் சோதிலிங்கம்.

"அது கோயிலிலை. இஞ்சை நசியப்படாது. நிப்பாட்டுங்கோ பாப்பம்."

அவர் சரிவின் உச்சிக்குப் போய்த் திருப்பினார். வேகமாகத்தான் இறங்கினார், மெல்ல வருவது அவமானம். இத்தனை காலம் மேசையையும் ரயிலையும் மிதித்த கால் மிதித்தது. சிவப்புக் கார் இம்மியும் சறுக்காமல் நின்றது. முன்சில்லு தேசிக்காயைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

வத்சலா குனிந்து தேசிக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைப்பைக்குள் போட்டாள். பக்கத்துக் கதவைத் தானே திறந்து ஏறியிருந்து, காற்றுக்குக் கலையாதபடி சேலைத் தலைப்பால் தலையை இறுகச் சுற்றிக்கொண்டாள்.